இருநூற்றேழாம் சீட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை கண்ணையன் காட்டுப்பாக்கத்துக்கு என்னைத் தேடி வந்தார். நான் முப்பத்துமூன்று ஆண்டுகள் வேலை பார்த்த அம்பத்தூர் அச்சகத்துக்கு இப்போது அவர்தான் மானேஜர். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்து மேலே வந்தவர். வரும் வழியில் ஆவடிப் பக்கம் போகும் பட்டாள லாரிகளுக்குப் பதினேழு முறை சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நின்றாராம். கக்கத்தில் ஒரு புரூப் கட்டு இருந்தது.

"யுத்தம் வந்ததுலேர்ந்து காயிதம் இல்ல சார். சர்க்கார் குடுக்கிறது பாதி கூட இல்ல. இந்தப் பொஸ்தகத்துல நூத்தி நாப்பத்திரண்டு அடிக்குறிப்பு கீது. இருபது வெச்சிக்கினு மீதியத் தூக்கிட்டா ஒன்றரை பாரம், இருவத்திநாலு பக்கம் மிச்சம். எதத் தூக்கறதுன்னு நீங்க கோடு போட்டுக் குடுங்க."

"எல்லாமே வேண்டும் என்று சொன்னால்?"

"யாரு சார் அத்தப் படிக்கிறான்? எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. கோத்தவனே நான்தான், நானே படிச்சதில்ல."

அச்சகத்துக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்கு என் அனுபவத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். மலருக்கு மட்டும் காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன். "எட்டே பக்கம் சார், அட்டை கூட இல்ல" என்றார். போய்விட்டார். கட்டு என் மேசைமேல் இருக்கிறது. இன்றோடு ஆறு நாள். ஒரு கோடும் போடவில்லை. அவர் கேட்ட இரண்டில் ஒன்றையாவது செய்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் அச்சகத்தில் கல்லூரிக்காரர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் எழுதும் நூல்கள்தான் அதிகம் அச்சாகும். என் வேலை அடிக்குறிப்பைச் சரிபார்ப்பது. இன்ன நூலில் இன்ன பக்கத்தில் இப்படி இருக்கிறது என்று ஆசிரியர் எழுதியிருந்தால், அந்த நூலில் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறியதும் சேர்ந்தேன். முதல் இரண்டு ஆண்டு எழுத்துப் பிழை திருத்தினேன். மூன்றாம் ஆண்டு சவரிமுத்து ஐயா என்னைத் தம் அறைக்கு மாற்றிக்கொண்டார். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

சவரிமுத்து ஐயா புரூப் அறைக்குத் தலைவர். வெளுத்த கோட்டு, ஒரு காலில் வீக்கம், அதனால் செருப்பின் வார் எப்போதும் அவிழ்ந்தே இருக்கும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் வகுத்த முறை இது. ஒவ்வோர் அடிக்குறிப்புக்கும் ஒரு சீட்டு. சீட்டின் மூலையில் எண். அதை எடுத்துக்கொண்டு ரயிலேறிப் பட்டணத்து நூலகத்துக்குப் போக வேண்டும். நூலை வாங்கிப் பக்கத்தைத் திறந்து, அங்கே உள்ளதைச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் எழுதியதை அப்போது கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொண்டால் கண் அதையே பார்க்கும் என்பார். எத்தனையாம் பதிப்பு, பக்கத்தில் மேலிருந்து எத்தனையாம் வரி என்பதும் வேண்டும். அச்சகத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் இரண்டையும் ஒப்பிடலாம்.

அதன்பின் சீட்டில் ஒரு குறி போட வேண்டும். நூலை நாமே பார்த்திருந்தால் 'கண்டது'. ஒருவர் வாய்மொழியாகச் சொன்னது என்றால் 'கேட்டது'. சொன்னவர் பெயரும் ஊரும் எழுத வேண்டும். நாம் பார்க்காமல், வேறொரு நூல்காரர் பார்த்ததாகச் சொல்வதை நம்பி எழுதினால் 'பிறர் கண்டது'. யார் கண்டது என்பதும் வேண்டும். மூன்றுமே அவருக்குச் சம்மதம்தான். எதுவும் மட்டமில்லை. ஒன்றை இன்னொன்றாகச் சொல்வதுதான் கூடாது.

பாரம் மெஷினுக்குப் போகும் முன் சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் படிப்பார். நான் எதிரில் நின்று குறியைச் சொல்ல வேண்டும். "நாற்பத்தொன்று?" "கண்டது." "நாற்பத்திரண்டு?" "கேட்டது." தயங்கினால், அந்தச் சீட்டை மைக்கூட்டின் கீழ் சொருகிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவார். மைக்கூட்டின் கீழ் ஒரு சீட்டு இருக்கும்வரை அந்தப் பாரம் நகராது. மெஷின்காரர் வாசலில் வந்து நின்று இருமுவார். அந்த இருமலை நான் இன்னும் கனவில் கேட்கிறேன்.

பதினோராம் ஆண்டில் சபாபதி என்பவருடைய நூல் வந்தது. பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். ஐயப்பன்தாங்கலில் உழவுத் தொழில் செய்யும் குடும்பம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். நம் பக்கத்து ஏரிகளின் பாசன வழக்கங்களைப் பற்றிப் பல்கலைக்கழகப் பட்டத்துக்காக எழுதியிருந்தார். மாதக் கடைசிக்குள் அச்சிட்ட பிரதிகளைக் கொடுக்காவிட்டால் ஓராண்டு தள்ளிப்போகும். பட்டம் தள்ளினால் கல்லூரியில் வேலை நிலைக்காது. இதை அவர் எங்களிடம் நான்கு முறை சொன்னார். ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள் என்று ஐந்தாம் முறை சொன்னார். அடிக்குறிப்புகள் முந்நூற்றுப் பதினெட்டு.

இருநூற்றேழாவது, மேனாம்பேடு ஏரியைப் பற்றியது. ஏரியில் தண்ணீர் குறைந்து அளவுக்கல்லின் மூன்றாம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், பாசன முறை மதகை ஒட்டிய வயலிலிருந்து தொடங்காது. கடைசி வயலிலிருந்து தொடங்கும். நூலின் முடிவுரை முழுவதும் இந்த ஒரு செய்தியின்மேல் நின்றது. ஆதாரம், கம்பெனிக் காலத்துச் சர்க்கார் அறிக்கை ஒன்று, பக்கம் தொண்ணூற்று நான்கு.

ஐப்பசி மழை. அந்தக் குறிப்பு வரும் பாரத்தில் மிச்சமிருந்த ஒன்பது சீட்டுகளோடு நூலகத்துக்குப் போனேன். எட்டு முடிந்தது. அந்த அறிக்கை மட்டும் பைண்டிங்குக்குப் போயிருந்தது. வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். நாளை காலை பாரம் ஏற வேண்டும். அலமாரியில் அதே பொருளைப் பற்றி வேறொருவர் முன்பே எழுதிய நூல் ஒன்று இருந்தது. அதை எடுத்தேன். அதிலும் அதே செய்தி. அடியில் அதே அறிக்கை, அதே பக்கம் தொண்ணூற்று நான்கு. இரண்டு பேர் சொல்கிறார்கள், தவறாக இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன். சபாபதியும் என்னைப் போலவே இந்த நூலிலிருந்துதான் எடுத்திருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். பதினோரு ஆண்டு அனுபவம் வேறு எதற்கு?

மறுநாள் காலை சவரிமுத்து ஐயா எண்களைப் படித்தார். மெஷின்காரர் வாசலில் இருமினார். சபாபதி நனைந்த குடையோடு அவருக்குப் பின்னால் நின்றார்.

"இருநூற்றேழு?"

'பிறர் கண்டது' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மைக்கூட்டின் கீழ் போகாது. ஆனால் அச்சில் அப்படியே போட வேண்டும். அறிக்கையைத் தாம் பார்க்கவில்லை என்று சபாபதி பரீட்சகர்கள் முன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகும். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கண்டது" என்றேன்.

பாரம் ஏறியது. ஐந்நூறு பிரதி.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. அறிக்கை பைண்டிங்கிலிருந்து வந்திருந்தது. தொண்ணூற்று நான்காம் பக்கத்தைத் திறந்தேன். மாட்டுக் கணக்கு இருந்தது. எருது, பசு, எருமை, மூன்று பத்தி. ஏரி என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. எண் மாறியிருக்கும் என்று நாற்பத்தொன்பதைப் பார்த்தேன். இல்லை. பிறகு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், மூன்று சனிக்கிழமைகள். மேனாம்பேடு இரண்டு இடத்தில் வந்தது, இரண்டும் சாலையைப் பற்றி. அந்தச் செய்தி எங்கும் இல்லை. அதற்குள் நூல் கட்டப்பட்டு, ஆறு பிரதி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. பரீட்சகர் மூவரில் எவராவது ஒருவர் அந்த அறிக்கையை வரவழைத்துத் திறந்தால் போதும். சபாபதி பொய் சொன்னவர் ஆவார். பொய்க்குச் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

செய்தியாவது உண்மையா என்று தெரிந்தாக வேண்டும். ஒரு வாரம் தயங்கி, ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டுக்கு நடந்தேன். ஏரிக்கரையில் மதகருகே ஒருவர் மண்வெட்டியால் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் அந்த ஏரியின் நீர்க்கட்டி, முனுசாமி. வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் பொறுப்பு அவருடையது. ஐம்பது வயது இருக்கும். மூன்றாம் கோட்டைப் பற்றிக் கேட்டேன்.

"ஆமாங்க, கடைசி வயலுக்குத்தான் மொதல்ல. இன்னா, பொஸ்தகத்துல வேற மாதிரி கீதா?"

"புத்தகத்தில் இல்லவே இல்லை. அதுதான் கேட்க வந்தேன்."

"பொஸ்தகத்துல இல்லன்னா தண்ணி போவாதா?" சிரித்தார். "கரையாண்ட கீற வயலுக்கு ஏரி ஊறிக்கினே இருக்கும் சாமி. தொறக்காட்டியும் ஈரம் கீது. கடைசி வயலுக்கு இன்னா கீது? அதான் அதுக்கு மொதல்ல. எங்க நைனா வெச்சிருந்த கணக்கு இது. இத்தயேதான் அந்தக் கொடைக்காரரும் கேட்டுக்கினு போனாரு."

"எந்தக் குடைக்காரர்?"

"நான் சின்னப் புள்ளையா இருக்கச்சே ஒருத்தர் வந்தாரு. வெள்ளக் கொடை. ரெண்டு நாளு இதே கரையில குந்திக்கினு நைனாவக் கேட்டு எழுதிக்கினாரு. பொஸ்தகம் போடப் போறேன்னாரு. போட்டாரா?"

போட்டிருந்தார். நூலகத்து அலமாரியில் நான் எடுத்த அந்த முந்தைய நூல்தான். முன்னுரையில் மேனாம்பேட்டில் இரண்டு நாள் தங்கியதாகவும் எழுதியிருந்தார்.

"எங்க நைனா பேரப் போட்டாரா?"

"இல்லை."

"பின்ன யாரு பேரப் போட்டாரு?"

"யார் பெயரும் இல்லை. ஒரு பழைய புத்தகத்தின் பக்கத்தைப் போட்டிருக்கிறார்."

"பக்கமா?" மண்வெட்டியைக் கீழே வைத்தார். "பக்கமா வந்து மதகத் தொறந்துச்சு?"

அந்தக் குடைக்காரர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீர்க்கட்டி சொன்னார் என்று எழுதக் கூச்சப்பட்டாரோ, சீட்டுகள் கலந்துபோயினவோ. நிச்சயமாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பெயரை இனியாவது போடச் சொல்கிறேன் என்று முனுசாமியிடம் சொன்னேன். அவர் பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ளப் பென்சிலை எடுத்தேன்.

"எம் பேரு வாணாம். ஏகாம்பரம்னு போடுங்க, அது எங்க நைனா. சொன்னவரு அவரு. நான் கேட்டுக்கினவன்தான்."

சவரிமுத்து ஐயாவின் அறையில் ஒருநாள் கூட உட்கார்ந்திராத மனிதர் இதைச் சொன்னார். அதன் பிறகும் நான் நான்கு நாள் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போது மூன்று குழந்தைகள், நான்காவது வயிற்றில். வேலை போனால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறு எதையும் யோசித்ததாக நினைவில்லை.

வியாழக்கிழமை காலை எல்லோரும் வருமுன் போய்ச் சவரிமுத்து ஐயாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். கோட்டு நுனியால் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்தப் பக்கத்தில் இல்லை என்று எத்தனை நாளாகத் தெரியும்?"

"இருபத்தாறு நாள் ஐயா."

"நீங்கள் பார்க்கவில்லை என்று எத்தனை நாளாகத் தெரியும்?"

"முப்பத்தெட்டு நாள்."

"அப்படியானால் அதைத்தான் என்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்."

திட்டவில்லை. நூல் எத்தனை பிரதி கையிருப்பு என்று கேட்டார். நானூற்று அறுபத்திரண்டு என்றேன். திருத்தச் சீட்டு ஒன்று அச்சிட்டு அந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டும், ஆசிரியரை வரச் சொல்லுங்கள் என்றார்.

சபாபதி மாலையில் வந்தார். முதலில் என்மேல் பாய்ந்தார்.

"நீங்க பார்த்தேன்னு சொன்னீங்களே சார்! நான் நின்னுக்கிட்டு இருந்தேன், என் காதால கேட்டேன்!"

"நீங்களும் பார்த்ததாகத்தானே எழுதியிருக்கிறீர்கள்" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நெடுநேரம் தம் நூலையே புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு சவரிமுத்து ஐயாவிடம், "பரீட்சகர்ல ரெண்டு பேர் சீமையில இருக்காங்க. அவங்களுக்குப் பிரதி கப்பல்ல போயாச்சு. இப்போ ஏகாம்பரம்னு ஒரு பேரைப் போட்டா, யார் இவர், எந்தப் புஸ்தகம் எழுதினார்னு கேட்பாங்களே. என்ன சொல்றது?" என்றார்.

"நீர்க்கட்டி என்று சொல்லுங்கள்."

"சிரிப்பாங்க ஐயா."

"சிரிக்கலாம். அந்தப் பக்கத்தைத் திறந்து மாட்டுக் கணக்கைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள்."

சபாபதி எழுந்து சன்னலுக்குப் போனார். "எங்க அப்பாவுக்கே ஐயப்பன்தாங்கல்ல நீர்க்கட்டிதான் தண்ணி விடறான்" என்று எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார். "அவனைக் கேட்டிருந்தாக்கூட இது தெரிஞ்சிருக்கும். நான் லைப்ரரியில உட்கார்ந்திருந்தேன்." திரும்பி வந்து திருத்தத்தில் கையெழுத்துப் போட்டார். சீமைக்கு இரண்டு கடிதம், உள்ளே ஒவ்வொரு சீட்டு. மறுநாள் சீட்டு அச்சானதும் தபாலில் போட்டேன். வெளியே போயிருந்த மற்ற முப்பத்திரண்டு பிரதிக்காரர்களுக்கும் சீட்டு அனுப்பினேன். பல்கலைக்கழகத்தில் மிச்சமிருந்த நான்கு பிரதிகளில் நேரில் போய் ஒட்டினேன்.

இனி என் தவறுகளில் இரண்டாவது. அந்த வாரம் பைண்டர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நானே மைதாவில் பசை காய்ச்சினேன். மூன்று நாளில் நானூற்று அறுபத்திரண்டு சீட்டும் ஒட்டி முடித்தேன். பைண்டர் திரும்பி வந்து பசைச் சட்டியைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, துத்தம் போட்டியா?"

மயில்துத்தம் கலக்காத பசையைப் பூச்சி தின்னும். அச்சகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டேன். பைண்டரிடம் "போட்டேன்" என்று சொல்ல வாய் வந்தது. "போடவில்லை" என்றேன். அந்த அளவுக்காவது கற்றிருந்தேன். ஆனால் பிரதிகள் அன்று காலையே கட்டுக் கட்டாக ஸ்டேஷனுக்குப் போய்விட்டன.

சபாபதிக்கு ஏழு மாதம் கழித்துப் பட்டம் வந்தது. பரீட்சகர் மூவரும் எழுதியதில் இருநூற்றேழாம் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடிதங்கள் போய்ச் சேர்ந்தனவா, சீமையில் அந்தச் சீட்டுகளை யாராவது ஒட்டினார்களா, ஒன்றும் தெரியாது. யாருமே பார்க்கவில்லை என்று நிம்மதிப்பட வேண்டுமா, கவலைப்பட வேண்டுமா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. எனக்கு வேலை போகவில்லை. ஓராண்டு முழுவதும் நான் 'கண்டது' என்று குறித்த ஒவ்வொரு சீட்டையும் எடுத்துக்கொண்டு சவரிமுத்து ஐயா தாமே ரயிலேறினார், அந்த வீங்கிய காலோடு. மாலையில் ஸ்டேஷனிலிருந்து அவர் நடந்து வருவதைச் சன்னல் வழியாகப் பார்ப்பேன். வேலையை விட்டு நீக்கியிருக்கலாம் என்று பலமுறை தோன்றியது. ஓராண்டில் ஆயிரத்து நூற்று ஆறு சீட்டு. ஒன்றிலும் தவறில்லை.

அதற்குப் பிறகு சபாபதியின் நூலை எந்த அலமாரியில் பார்த்தாலும் எடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. ஓய்வு பெறும்வரை ஒன்பது பிரதி பார்த்தேன். இரண்டில்தான் சீட்டு இருந்தது. மற்ற ஏழில் பழுப்பாக ஒரு கறை, சுற்றிலும் பூச்சி அரித்த துளைகள். அதன் கீழே 'பக்கம் தொண்ணூற்று நான்கு' என்ற பழைய அச்சு மட்டும் கெடாமல் இருந்தது.

இப்போது கண்ணையன் கொடுத்த கட்டுக்கு வருகிறேன். அதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. இளைஞர் என்றார் கண்ணையன். அடிக்குறிப்பு எண்பத்தெட்டில் மேனாம்பேடு ஏரி வருகிறது. மூன்றாம் கோடு, கடைசி வயல், எல்லாம் சரி. ஆதாரம்: கம்பெனிக் காலத்து அறிக்கை, பக்கம் தொண்ணூற்று நான்கு. சபாபதியின் பெயர்கூட இல்லை. அந்த இளைஞர் தாமே பார்த்ததாக எழுதியிருக்கிறார். கூடவே கண்ணையன் சபாபதியின் நூலையும் வைத்துவிட்டுப் போயிருந்தார், சரிபார்க்க உதவும் என்று. திறந்து பார்த்தேன். கறைதான் இருந்தது.

எண்பத்தெட்டைக் கோடு போட்டு எடுத்துவிட்டால் பொய் போய்விடும். ஆனால் அதை எடுத்தால் ஏகாம்பரம் எப்படி வருவார்? இந்த ஆறு நாளும் நான் ஒரு கோடும் போடாததற்குக் காரணம் அதுதான். அடிக்குறிப்பு இருந்ததால்தான் தவறு என் கண்ணில் பட்டது. அது இல்லாமல் செய்தி மட்டும் வந்திருந்தால் நானும் படித்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆகையால் கண்ணையனுக்கு: மற்ற நூற்று நாற்பத்தொன்றில் எதை எடுப்பது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கட்டைத் திருப்பி அனுப்புகிறேன். எண்பத்தெட்டை எடுக்க வேண்டாம், மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். முனுசாமி இருக்கிறாரா என்று தெரியவில்லை. யாராவது மேனாம்பேட்டுக்குப் போய் விசாரித்தால் நல்லது. இந்த மலரில் இடம் போதாவிட்டால் என் கட்டுரையில் எந்தப் பத்தியை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. ஏரியில் தண்ணீர் மூன்றாம் கோட்டுக்குக் கீழே இறங்கினால் முறை கடைசி வயலிலிருந்து தொடங்கும்* என்ற இந்த ஒரு வாக்கியத்தையும், அதன் நட்சத்திரத்தையும், கடைசி வரியையும் மட்டும் விட்டுவிட வேண்டும். எழுத்து எறும்பு போல இருந்தாலும் பரவாயில்லை.

* கேட்டது. சொன்னவர்: மேனாம்பேடு நீர்க்கட்டி ஏகாம்பரம். அவரிடம் கேட்டவர் அவர் மகன் முனுசாமி. முனுசாமியிடம் ஏரிக்கரையில் கேட்டவன் நான். அறிக்கையின் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களிலும் இது இல்லை: கண்டது.